கட்டுச்சாப்பாடு இல்லாத பயணி

கிஷினாவ் பேருந்து நிலையத்திலிருந்து எந்த வண்டி வெளியே போவதானாலும் அதன் டிரிப் ஷீட்டில் அக்சேனியாவின் முத்திரை விழுந்தாக வேண்டும். அவள் உட்கார்ந்திருக்கும் கூண்டின் ஜன்னலுக்கு ஓட்டுநர் வந்து தாளை நீட்டுவார். அவள் பயணிகள் பட்டியலை விரலால் தொட்டுக்கொண்டே போவாள், நேரத்தை எழுதுவாள், முத்திரையை மையில் ஒற்றிக் குத்துவாள். முத்திரை விழாத வண்டிக்கு வாசலில் தடுப்புக் கம்பைத் தூக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருடங்களாக இந்த நேரக் காப்பாளர் வேலைதான். புருஷன் இறந்த மறுவாரமே வந்து உட்கார்ந்துவிட்டாள். மகன் ராது ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிய வண்டிக்கும் அவளே முத்திரை குத்தினாள். குத்திவிட்டு, பின்னால் நின்ற ஓட்டுநரிடம் "உன் தாளைக் கொடு" என்றாள்.

அதிகம் பேச மாட்டாள். "அக்சேனியா அக்காகிட்ட ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள நான் இஸ்தான்புல் போயிட்டுத் திரும்பிருவேன்" என்பான் த்ரோஃபிம். ஞாயிற்றுக்கிழமை காலை இஸ்தான்புல் வண்டி அவனுடையது. அவளைப் பற்றி நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு விஷயம், அவளுக்கு முட்டைக்கோஸ் ஆகாது என்பது. வாசலில் பிளச்சிந்தா என்னும் உள்ளீடு வைத்த அப்பம் சுடும் பெலகியா, பாலாடைக்கட்டி வைத்தது, உருளைக்கிழங்கு வைத்தது, கோஸ் வைத்தது என்று மூன்று வகை போடுவாள். அந்த மூன்றாவதின் வாடை வந்தாலே அக்சேனியா ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

எட்டு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரிக் காலையில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அந்த ஜன்னலருகே வந்து, "அத்தை, இங்க குடிக்கத் தண்ணி எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள். அக்சேனியா தன் பாட்டிலையே கொடுத்தாள். பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள், "நான் இவளோட ஞானத்தாய்" என்றாள்.

அதற்கு மேல் அக்சேனியா ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து பிள்ளையைக் கையில் வாங்கியவள் அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது தாய். முதல் தாய் இத்தாலிக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளையைத் தன் அக்காள் வீட்டில் விடுவாள். ஆனால் நோட்டரியிடம் எழுதும் சம்மதப் பத்திரம் மட்டும் ஞானத்தாயின் பெயரில்தான் இருக்கும். 'என் பிள்ளையை எந்த நாட்டுக்கும், எந்த நாளிலும் அழைத்துப் போக இவருக்குச் சம்மதம்.' என்றைக்காவது ஒருநாள் பிள்ளையைத் தன்னிடம் கொண்டுவந்து சேர்க்க அது உதவும் என்று நினைத்து எழுதிவிட்டுப் போவாள். அப்படிப்பட்ட தாள்கள் எத்தனையோ வீடுகளின் அலமாரிகளில், துவைத்த துணிகளுக்கு அடியில் கிடக்கின்றன.

அந்தப் பெண்ணின் பெயர் வியோரிகா என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவளுடைய தாய் வந்து ஜன்னலுக்கு முன் நின்று, "என் பொண்ணு எந்த வண்டியில போனான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அக்சேனியா பழைய தாள்களைப் புரட்டினாள். தேதி இருந்தது, பெயர் இருந்தது, அடியில் அவளுடைய முத்திரையும் இருந்தது. ஞானத்தாய் என்று சொன்னவள் உண்மையிலேயே ஞானத்தாய்தான். யாரோ ஒருவனிடம் பெண்ணை ஒப்படைத்துவிட்டு இரண்டாம் நாளே திரும்பி வந்தவள், பிறகு ஊரையே காலி செய்துவிட்டாள். வியோரிகா திரும்பவில்லை. தாய் ஒவ்வொரு பிப்ரவரியிலும் வந்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகிறாள்.

முதல் தடவை அவள் வந்துபோன அன்று அக்சேனியா மத்தியானம் கூண்டைப் பூட்டிக்கொண்டு பெலகியாவின் அடுப்புப் பக்கம் போனாள். பெலகியா, கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் நீனா, த்ரோஃபிம், இன்னோர் ஓட்டுநர், இவர்களிடம் அவள் ஒரே மூச்சில் பேசியது அன்றுதான்.

அதிலிருந்து பிறந்தது ஓர் ஏற்பாடு. ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண் வந்து, பெண்களைக் கடத்தி விற்பவர்களைப் பற்றி எச்சரிக்கும் சுவரொட்டிகளும் கொடுத்தாள். சங்கிலியால் கட்டப்பட்ட இரண்டு கைகள், கீழே ஒரு தொலைபேசி எண். ஓடிப்போகிற கனவில் இருக்கும் பெண் சுவரைப் பார்ப்பதில்லை என்று நீனாதான் சொன்னாள். "கழிப்பறை கண்ணாடியில ஒட்டினாலும் அதைத் தள்ளிட்டுத் தலைவாரிக்கிட்டுப் போறாளுங்க." ஆகவே பெலகியா வேறு வழி கண்டுபிடித்தாள். பெரிய பையோடு வரும் ஒவ்வொரு இளம்பெண்ணிடமும் பிளச்சிந்தா விற்கிற சாக்கில், "வழிக்கு யாரும்மா சாப்பாடு கட்டிக் குடுத்தாங்க?" என்று கேட்பாள்.

அங்கே பக்கத்து ஊருக்குப் போகிற பிள்ளையைக்கூட வெறும் கையோடு அனுப்ப மாட்டார்கள். வறுத்த கோழி, அவித்த முட்டை, வெள்ளரி ஊறுகாய், உப்பைத் தனியாகத் தாளில் மடித்து, சேருமிடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பாட்டில் வீட்டு ஒயின். பெட்டிக்குப் பூட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பாட்டுப் பை இல்லாமல் யாரும் ஏறியதில்லை. பை இல்லாத பெண் என்றால், அவள் போவது அவளுடைய மனிதர்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஒருத்தி தென்பட்டால் பெலகியா ஒரு கோஸ் பிளச்சிந்தாவைத் தட்டில் வைத்து அக்சேனியாவின் ஜன்னலுக்குக் கொண்டுவருவாள். முத்திரையை நிறுத்து என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஏழு வருடத்தில் பதினேழு முறை கோஸ் வந்தது. பத்து முறை ஒன்றுமில்லை. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர்கள், பையை வீட்டுப் படியிலேயே மறந்தவர்கள். மன்னிப்புக் கேட்டு வண்டியை அனுப்பினார்கள். ஏழு முறை போலீஸ் வந்தது.

பதினெட்டாவது முறை மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை.

"குமத்ரா! இன்னும் இந்தக் கூண்டுக்குள்ளதான் இருக்கியா? கிளியைக்கூட அப்பப்ப வெளிய விட்டு ரெண்டு சுத்து சுத்த விடுவாங்க!"

ஜன்னலில் எமிலியாவின் அகன்ற முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பிள்ளையைப் பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் குமத்ரா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்சேனியாவின் சொந்த ஊரான வலேனியில் பதினோரு பிள்ளைகளுக்கு எமிலியா ஞானத்தாய். அதில் ராதுவும் ஒருவன். செப்டம்பரில் அவன் கல்யாணம். மணமக்களுக்குப் பின்னால் பெரிய மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவதும் எமிலியாதான்.

"நீ எங்க இந்தப் பக்கம்?" என்றாள் அக்சேனியா.

"இவளைக் கூட்டிட்டுப் போறேன். நம்ம ஆங்கெலினா பொண்ணு இலிங்கா. அடையாளம் தெரியலையா? எப்படி வளந்துட்டா பாரு, என்னையே குனிஞ்சு பாக்கறா. துருக்கியில கடலோரமா ஒரு ஹோட்டல். ரூம் பெருக்கற வேலை, மூணு மாசம். இங்க இருந்து கோழிக்குத் தீனி போட்டு என்ன ஆகப்போகுது?"

பின்னால் நின்ற பெண்ணுக்குப் பதினைந்து வயது, அவளும் எமிலியாவின் ஞானமகள்தான். வெள்ளை நிறத்தில் புதுச் சட்டை, விலைச்சீட்டின் நூல் இன்னும் அக்குளில் தொங்கியது. கையில் சக்கரம் வைத்த புதுப்பெட்டி. ராத்திரி தூங்காத, ஆனால் சந்தோஷமான கண்கள். ஐந்து வருடமாகத் தாயைப் பார்க்காதவள். தாய் இத்தாலியில், பாதுவாவில் ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள் என்பதும், கையில் தங்கும் அனுமதிக் காகிதம் இல்லாததால் ஊருக்கு வர முடியவில்லை என்பதும் அக்சேனியாவுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் பெலகியா தட்டோடு வந்தாள். யாரையும் பார்க்காமல் ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"சூடா இருக்கு. சாப்பிடு."

கோஸ் வாடை.

எமிலியா குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "ஏய், இவளுக்குப் போயா கோஸ் குடுக்கற? ராதுவோட ஞானஸ்நான விருந்துல இவ ஒவ்வொரு கோஸா பொறுக்கி ஓரத்துல வெச்சது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு!"

பெலகியாவின் முகம் வெளுத்தது. அக்சேனியா பிளச்சிந்தாவை எடுத்தாள், ஒரு கடி கடித்தாள், மென்றாள், விழுங்கினாள்.

"இப்பல்லாம் சாப்பிடறேன்" என்றாள்.

வாய்க்குள் அந்த ருசி இருக்கும்போதே அவள் எமிலியாவின் கைகளைப் பார்த்தாள். கைப்பை ஒன்றுதான். காலடியில் பார்த்தாள். பெண்ணின் பெட்டியைச் சுற்றிலும் பார்த்தாள். பெலகியா தவறாகப் பார்த்திருப்பாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இந்த எமிலியாதானே ராது ரஷ்யாவுக்குப் போன அன்று மூன்று கோழி வறுத்து, ஒரு பானை ஊறுகாயோடு வேர்த்து விறுவிறுத்து வந்தவள்? 'வழியில பிள்ளைக்குப் பசிச்சா என்ன பண்ணும்' என்று வண்டி கிளம்புகிறவரை புலம்பியவள்?

த்ரோஃபிம் தாளோடு வந்து நின்றான். "அக்கா, பத்தரை ஆச்சு. போடுங்க, கிளம்பணும்."

அக்சேனியா பட்டியலில் விரலை ஓட்டினாள். இருபத்து மூன்றாவது பெயர் இலிங்கா, இருபத்து நான்காவது எமிலியா. முத்திரையை எடுத்தாள். மையில் ஒற்றவில்லை. மேஜை டிராயரைத் திறந்து அதற்குள் வைத்து மூடினாள்.

"டயர் பாத்தியா, த்ரோஃபிம்?"

"பாத்தேனே."

"இன்னொரு தடவ பாரு."

அவன் திட்டின் மேலிருந்த கடித்த பிளச்சிந்தாவைப் பார்த்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஆமா, வலப்பக்கம் பின்சக்கரம் கொஞ்சம் இருமிச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அவள் பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்து அவனைப் பிடித்தாள். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பாதுவாவுல நம்ம ஊருக்குப் பார்சல் ஏத்தற வண்டி நிக்குமில்ல?"

"நிக்கும். வலேரு வண்டி. சர்ச் பக்கத்துத் திடல்ல. நம்ம பொம்பளைங்க எல்லாம் அங்கதான் கூடுவாங்க."

"வலேனி ஆங்கெலினாவைத் தேடச் சொல்லு. சீக்கிரம்."

த்ரோஃபிம் சக்கரத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் டயரைத் தட்டிக்கொண்டே மறு கையில் கைபேசியைக் காதில் வைத்தான். வண்டிக்குள்ளிருந்து ஒருத்தர் ஜன்னலைத் தள்ளினார். "ஏம்பா, டயர் என்ன கல்யாணப் பொண்ணா, இவ்வளவு நேரம் பாக்கறதுக்கு?"

"உங்க மூஞ்சியை விட நல்லா இருக்கு, அதான் பாக்கறேன்" என்றான் அவன்.

அக்சேனியா எமிலியாவிடம் போனாள். நடைமேடையில் இப்போது இருவருக்கும் நடுவில் ஜன்னல் இல்லை.

"ஆங்கெலினாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அவ குடுத்த பத்திரம்தான் இது." எமிலியா கைப்பையைத் திறந்து தாளை எடுத்தாள். மடிப்புகள் மஞ்சளித்திருந்தன. இலிங்காவுக்குப் பத்து வயதில் எழுதியது. எந்த நாட்டுக்கும், எந்த நாளிலும்.

"இது அவ தன்கிட்ட கூட்டிட்டு வரச் சொல்லி எழுதினது."

"நீ என்னையா கேள்வி கேக்கற, குமத்ரா?" எமிலியாவின் குரல் தணிந்தது. "உன் பிள்ளையைத் தண்ணியிலேர்ந்து தூக்கின கை இது. செப்டம்பர்ல அவன் பின்னால நிக்கப் போறதும் இதே கைதான். நாலு பேர் பாக்கற இடத்துல என்னைத் திருடி மாதிரி நிக்க வெக்காத."

அக்சேனியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்தப் பெண்மணி தவறு செய்யாதவளாக இருந்தால் பதினோரு வீட்டு வாசலில் இனி தன்னால் தலைநிமிர்ந்து நிற்க முடியாது. வலேனிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புருஷனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றக்கூட ஊருக்குள் நுழைய முடியாது. கல்யாணம் என்ன ஆகும்? எமிலியாவின் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. ஆனால் வியோரிகாவின் ஞானத்தாயின் கண்ணைத் தான் அன்று பார்க்கவேயில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ராது போனப்ப மூணு கோழி வறுத்துட்டு வந்த" என்றாள். "இவளுக்கு என்ன கட்டிக் குடுத்த?"

எமிலியா வாயைத் திறந்தாள். பெண்ணைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"மறந்துட்டேன்" என்றாள்.

"நீயா?"

இலிங்காதான் குறுக்கே வந்தாள். "வழியில வாங்கிக்கலாம்னு நான்தான் சொன்னேன். இப்ப என்ன அதுக்கு? வண்டியை விடச் சொல்லுங்க அத்தை, எல்லாரும் பாக்கறாங்க."

த்ரோஃபிம் ஓடிவந்தான். கைபேசியை அக்சேனியாவின் கையில் திணித்தான். மறுமுனையில் ஏகப்பட்ட பெண்களின் பேச்சுச் சத்தம், பார்சல் பெட்டிகள் இழுபடும் ஓசை, அதற்கு நடுவில் மூச்சிரைக்கும் ஒரு குரல்.

"யாரு? இலிங்காவா? பஸ் ஸ்டாண்ட்லயா? இல்லியே, அவ என் அக்கா வீட்டுலல்ல இருப்பா..."

"ஆங்கெலினா, நான் அக்சேனியா. உன் பொண்ணு இஸ்தான்புல் வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கா. எமிலியா கூட இருக்கா. நீ அனுப்பச் சொன்னியா?"

அங்கே சத்தமெல்லாம் அடங்கிப்போனது போலிருந்தது. பக்கத்திலிருந்தவர்களும் பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும்.

"நிறுத்துங்க" என்றாள் ஆங்கெலினா. "அக்கா, நிறுத்துங்க. வண்டிக்கு முன்னால படுத்தாவது நிறுத்துங்க."

கழிப்பறை வாசலிலிருந்து நீனா ஏற்கெனவே போலீஸுக்குப் பேசியிருந்தாள். இந்த நிலையத்துக்கென்றே எண் கொடுத்திருந்த ஆய்வாளர் இருபது நிமிடத்தில் வந்தார். அதுவரை எமிலியா எங்கும் ஓடவில்லை. நடைமேடை பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து, சாமி கும்பிடப் போனவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அழுதது இலிங்காதான். கைபேசியில் தாயிடம் கத்தினாள். பிறகு அக்சேனியாவிடம் திரும்பினாள்.

"எனக்கு நீங்க யாரு? எங்கம்மா அஞ்சு வருஷமா வரேன் வரேன்னு சொல்றா. இவங்கதான் எனக்குச் சட்டை வாங்கிக் குடுத்தாங்க. நீங்க என்ன குடுத்தீங்க?"

அக்சேனியா கூண்டுக்குத் திரும்பினாள். டிராயரைத் திறந்தாள். பட்டியலில் இரண்டு பெயர்களைக் கோடு போட்டு அடித்தாள். கிளம்பிய நேரம் பதினொன்று இருபது என்று எழுதி முத்திரை குத்தினாள். த்ரோஃபிம் தாளை வாங்கிக்கொண்டு போனான்.

எமிலியா சொன்ன ஹோட்டல் இல்லவே இல்லை என்பது அந்த வாரமே தெரிந்தது. அவள் கைப்பையிலிருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு போய், வேறு ஊர்களைச் சேர்ந்த இரண்டு பெண் பிள்ளைகளை மீட்டார்கள். ஆய்வாளர் வந்து சொன்னபோது அக்சேனியா இருவருடைய பெயர்களையும் கேட்டாள். வியோரிகா இல்லை.

எமிலியா தனக்கு ஒன்றும் தெரியாது என்று கடைசிவரை சாதித்தாள். பாதி ஊர் நம்பியது. வழக்கு நடந்த இரண்டு வருடத்தில் வலேனியில் அக்சேனியாவின் புருஷன் கல்லறைமேல் யாரோ இரண்டு முறை குப்பையைக் கொட்டினார்கள். ராது ரஷ்யாவிலிருந்து பேசினான். "நீ செஞ்சது சரிதாம்மா" என்றான். பிறகு, "மெழுகுவர்த்தி யாரும்மா பிடிப்பா?" என்று கேட்டான். பெலகியாதான் பிடித்தாள். கல்யாணத்துக்கு வலேனியிலிருந்து நான்கே பேர்தான் வந்தார்கள். விருந்தில் கோஸ் வைக்க வேண்டாம் என்று பெலகியா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அடுத்த பிப்ரவரியில் வியோரிகாவின் தாய் வந்தாள். அதே கேள்வியைக் கேட்டாள். அக்சேனியா அதே தாளை எடுத்துக் காட்டினாள். இலிங்காவைப் பற்றி அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். இன்னொருத்தியின் மகள் பிழைத்தது இவளுக்கு என்ன ஆறுதல்? தண்ணீர் கொடுத்தாள். அவள் குடித்துவிட்டுப் போனாள்.

ஆங்கெலினாவுக்கு அதற்கடுத்த வருடம் காகிதம் கிடைத்தது. ஜூன் மாதத்தில் ஒரு காலை, பாதுவா வண்டியின் ஓட்டுநர் வலேரு தாளை நீட்டினான். பட்டியலில் ஒன்பதாவது பெயரில் அக்சேனியாவின் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, ஓட்டுநருக்குப் பின்னால் இலிங்கா நின்றிருந்தாள். பதினேழு வயது, பழைய சட்டை, கையில் இரண்டு பெரிய பைகள். பெரியம்மா கொஞ்சம் தள்ளிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இலிங்கா வணக்கம் சொல்லவில்லை. ஒரு பையைத் தூக்கி ஜன்னல் திட்டில் தொப்பென்று வைத்தாள். வறுத்த கோழியின் வாசனை கூண்டை நிறைத்தது.

"சோதிச்சுக்கோங்க" என்றாள்.

அவள் குரலில் இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது. அக்சேனியா பையின் வாயை விலக்கி உள்ளே பார்த்தாள். கோழி, முட்டை, வெள்ளரிக்காய், துணியில் சுற்றிய பாட்டில். கையை விட்டு அடிவரை துழாவினாள்.

"உப்பு எங்க?"

பெண் ஒரு கணம் விழித்தாள். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு, தாளில் மடித்த பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள்.

அக்சேனியா தலையசைத்தாள். நேரத்தை எழுதினாள். முத்திரையை மையில் ஒற்றி, கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.